ஐம்பத்தாறு அடி

ஜிகணிக்கும் ஆனேக்கலுக்கும் நடுவே
தகரக் கூரை போட்ட பரிசோதனைக் கூடம் என்னுடையது.
என்னுடையது என்றால்
சாவி என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

மல்லேஷின் டிப்பர் இன்று பகலில் வருகிறது.
போன வருஷம்வரை இரவில்தான் வரும்,
விளக்கை அணைத்துக்கொண்டு, ஏரியின் பின்பக்கமாக.
சொத்தென்று ஒரு சத்தம்.
விடிந்தால் தண்ணீரோரம்
சாம்பல் நிறத்தில் இன்னொரு கரை.
இப்போது கையில் எடைச்சீட்டு வைத்திருக்கிறான்.
அதில் 'கழிவு' அடிக்கப்பட்டு
மேலே 'பொருள்' என்று எழுதியிருக்கிறது.
"அதே டஸ்ட்தான், மேடம்" என்கிறான் கன்னடத்தில்,
வெட்கமில்லாமல், கொஞ்சம் வெட்கத்தோடும்.

அதே டஸ்ட்தான்.
மூன்று மணிக்கு குவாரியில் வெடி வைப்பார்கள்;
எங்கள் அலமாரியில் டம்ளர்கள்
ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.
கொடியில் காய்கிற யூனிபார்மை
உதறிவிட்டுத்தான் மடிக்க வேண்டும்.
பக்கத்து வீட்டு பிலோமினா எழுதிய மனுவில்
பதினொன்றாவது கையெழுத்து என்னுடையது.
பதில் வரவில்லை.
வந்தது இந்த மூட்டை.

சல்லடையில் கொட்டிக் குலுக்குகிறேன்.
தண்ணீர் தெளித்துப் பிசைந்து
கண்ணாடித் தட்டில் நூலாக உருட்டிப் பார்க்கிறேன்.
களிமண் என்றால் உருளும்,
மூன்று மில்லிமீட்டர்வரை மெலிந்த பிறகுதான் உடையும்.
இது உருளவே மாட்டேன் என்கிறது.
பாறையாக எத்தனை கோடி வருஷம் ஒட்டிக்கிடந்ததோ,
இனி யாரோடும் ஒட்டுவதாக இல்லை.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.
'இல்லை' என்று நிரப்புகிறேன்.

முதல் கலவை தேறவில்லை.
ரெட்டியின் ஆள் போன் செய்தான்.
"ஒரு எண்தானே, மேடம்."
எண்தான்.
ஏரிக்கரையும் ஒரு எண்தான்,
லோடுக்கு அறுநூறு ரூபாய் மிச்சம்.
போனை வைத்துவிட்டு
ஜல்லியைக் கூட்டித் தூளைக் குறைத்தேன்.

அமரேஷ் அச்சை நிரப்புகிறான்.
ஐந்து அடுக்கு, அடுக்குக்கு ஐம்பத்தாறு அடி.
ஐந்து கிலோவுக்குச் சற்றே குறைந்த இரும்பு
ஒரு முழ உயரத்திலிருந்து விழுகிறது.
அவன் ராய்ச்சூர்க் கன்னடத்தில் எண்ணுகிறான், நான் தமிழில்.
நாற்பதைத் தாண்டினால்
இருவரும் ஒரே எண்ணில் இருப்பதில்லை.
கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து.

அடி என்றால் அடிப்பது,
அடி என்றால் அடியில் கிடப்பது,
எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றேன்.
"மேலே நின்று அடிக்கிறவனுக்கு?" என்றான்,
வியர்வையை வழித்துக்கொண்டே.

பிறகு நான்கு நாள் தண்ணீரில்.
எடையை ஏற்றி மூழ்கடித்துவிட்டால்
நம் வேலை அங்கே ஒன்றுமில்லை.
முதல் நாள் பிலோமினாவின் பையனுக்குக் காய்ச்சல்.
இரண்டாம் நாள் மழை,
தகரத்தின் கீழ் யார் பேசுவதும் கேட்கவில்லை.
மூன்றாம் நாள் ரெட்டியின் ஆள், இரண்டு முறை.
நான்காம் நாள் ஞாயிறு.
சாவி என்னிடம்தானே.

ஊறியும் உப்பவில்லை.
சப்பாத்திக் கட்டை தடிமனில் ஓர் இரும்புத் தண்டு,
நிமிடத்துக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் என்று
அவசரமில்லாமல் இறங்குகிறது.
முள் நடுங்கி நடுங்கி நகர்கிறது.
கணக்குப் போட்டேன். முப்பத்துநான்கு.
முப்பது போதும்.
ஆளில்லாத கூடத்தில்
"சரி" என்றேன், உரக்க.

ரோடு போட்டாயிற்று.
தாருக்குக் கீழே, ஜல்லிக்கும் கீழே
எங்கள் வீட்டுத் துணிகளில் படிந்தது படுத்திருக்கிறது.
ஸ்கூட்டியில் போகிறேன். ஒன்றும் தெரியவில்லை.
ஒழுங்காகப் போட்ட ரோட்டில்
ஒன்றும் தெரியக் கூடாது.

மூன்று மணிக்கு வெடி வைத்தார்கள்.
வண்டியை ஓரம்கட்டிக் காலை ஊன்றினேன்.
செருப்பைத் தாண்டி
உள்ளங்காலுக்கு வந்து சேர்ந்தது
மல்லேஷின் அடுத்த லோடு.